உதவியவர், சேகரித்தவர், தொகுத்தவர்

2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குழுவாக வேலை செய்வது என்பது ஏதோ கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் கண்டுபிடித்த சங்கதி போலப் பேசப்படுகிறது. அதன் லாப நட்டங்களைப் பட்டியல் போட நிர்வாகவியல் இருக்கிறது. அந்த வேலை நமக்கு வேண்டாம். என் அக்கறை வேறு. தூரத்து ஆட்கள் சேர்ந்து செய்த உழைப்பு ஒரு பிரதியாக மாறும்போது யாருடைய பெயர் அதில் ஏறுகிறது, என்னவென்று ஏறுகிறது? இதைக் கேட்க வாசுதேவநல்லூரிலிருந்து பெங்களூர் வரை போக வேண்டியதில்லை. பக்கத்துச் சிவகிரி போதும்.

நா.வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் பாடல்களின் அடியில் சின்ன எழுத்தில் சில வரிகள் வரும். 'சேகரித்தவர்: எஸ்.எம்.கார்க்கி. இடம்: சிவகிரி.' இன்னொன்றின் கீழே விளாத்திகுளம் வட்டாரம், எஸ்.எஸ்.போத்தையா. வேறொன்றில் நாமக்கல் வட்டாரம், கு.சின்னப்ப பாரதி. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்த ஒரு மனிதர், பல்கலைக்கழகப் பணமோ ஆய்வு உதவித்தொகையோ இல்லாத அந்தக் காலத்தில், தமிழ்நாட்டின் பல வட்டாரங்களை ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவர முடிந்தது இந்தச் சிதறிக் கிடந்த ஆட்களால்தான். இடதுசாரி இலக்கிய உறவு ஒன்றே அவர்களைக் கட்டிய கயிறு.

இதில் கிடைத்த பெரிய லாபம் மொழி. பாடல்களின் கீழே 'வட்டார வழக்கு' என்று தரப்படும் சொல்விளக்கங்களைப் பாருங்கள். பேச்சில் தேய்ந்த சொல்லைத் திருத்தி எழுதாமல், தேய்ந்தபடியே அச்சிட்டு, கீழே பொருள் சொல்லியிருக்கிறார்கள். கரிசல்காட்டுப் பேச்சும் நாமக்கல் பேச்சும் ஒரே அட்டைக்குள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தந்த மண்ணிலேயே இருந்துகொண்டு கேட்டவர்கள் இல்லாமல், பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப்போகும் ஒற்றை ஆய்வாளரால் இதைச் செய்திருக்க முடியாது.

நட்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். தன் வீட்டுச் சாவுக்கு ஒருத்தி அழுது பாடுவதும், ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கு வரச்சொல்லி, மறுக்க முடியாமல் ஒருத்தி போய்ப் பாடுவதும் ஒன்றல்ல. வரிகள் ஒன்றாகவே இருக்கலாம். பாடுகிறவளின் சாதியும், கூலியும், அவள் உட்கார்ந்திருந்த இடமும் வேறு. பக்கத்தில் நின்று கேட்டவனுக்கு இது தெரியும். தாளில் எழுதி அனுப்பும்போது பாட்டு போய்ச்சேரும், இது போய்ச்சேராது. போய்ச்சேராத இடத்தை மையத்தில் இருக்கிற தொகுப்பாசிரியரின் முன்குறிப்பு நிரப்பிக்கொள்கிறது. பாட்டுக்கு முன்னால் சூழலைச் சொல்லும் நா.வா.வின் சிறு குறிப்புகள் பரிவானவை, வர்க்கப் பார்வை கொண்டவை. ஆனால் அவை தூரத்திலிருந்து ஊகித்த சூழலா, கூட இருந்தவர் சொன்ன சூழலா என்று வாசகனால் பிரித்தறிய முடிவதில்லை. முகம் பார்க்காத குழுவின் முதல் பலவீனம் இதுதான்: தகவல் நகர்கிறது, அதன் நிலைமை நகர்வதில்லை. நா.வா. 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி, ஆட்களை எதிரெதிரே உட்கார வைத்துக் கட்டுரை படித்து விவாதிக்கச் செய்ததை இந்தக் கோணத்திலிருந்தும் வாசிக்கலாம் என்பது என் கட்சி. பாட்டைத் தூரத்திலிருந்து திரட்டலாம். சண்டையை நேரில்தானே போட்டாக வேண்டும்?

இன்னொரு வரியும் சில பாடல்களின் கீழே உண்டு: 'உதவியவர்'. பாட்டைப் பாடிக்கொடுத்தவரின் பெயர் அந்தத் தலைப்பில் வருகிறது. அந்த நாளில் இதைப் போட்டதே பெரிய காரியம்; பல பாடல்களில் அதுகூட இல்லை. ஆனாலும் சொல்லைக் கவனியுங்கள். பாட்டுக்காரி உதவியவர், எழுதி எடுத்தவர் சேகரித்தவர், அச்சேற்றியவர் தொகுத்தவர். பாட்டு யாருடையதோ அவர் நம் வேலைக்கு 'ஒத்தாசை' பண்ணியவராக ஆகிவிடுகிறார்! நா.வா.வின் மேல் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உழைக்கும் மக்களின் கலை என்று வாதாடிய ஒரு திட்டத்துக்குள்ளேயே எழுத்தின் அதிகாரம் எத்தனை சாதாரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முப்பத்து நாலு வருஷம் கழித்து நடந்த இன்னொரு வேலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அன்று ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அடித்த தமிழ் இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரியும். மின்னஞ்சலிலேயே வாதாடி 'திஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்துக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற வேறு இரண்டை முன்வைத்தது. கடைசியில் யுனிகோடு வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது, அது தனிக் கதை.

எனக்கு முக்கியம் அந்தக் கோப்புகளின் தலைப்பகுதி. தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று, செய்த வேலையின் பெயரோடு ஆளின் பெயரும் இருக்கும். அங்கே யாரும் வெறும் 'உதவியவர்' இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள், பெயர் போடச் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர்கள். சிவகிரியில் பாடியவளுக்கு அந்த வசதி இல்லை.

அவளுடைய பேத்திகள் இன்னமும் இந்தப் பக்கத்தில்தான் நாற்று நடுகிறார்கள், பீடி சுற்றுகிறார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், இந்தப் பாட்டை உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள் என்று கேட்கலாம். சில பாடல்களுக்காவது பெயர் கிடைக்கும். அறுபது வருஷம் ஏற்கெனவே ஓடிவிட்டது.