பாட்டும் ஆவணம்தான்

ஈஸ்டர்தோறும் உயிர்த்தெழுந்தவரைப் பாடுகிறோம். வரலாறு புதைத்த நம் முன்னோரைப் பாடி எழுப்பியவர் பொய்கையில் அப்பச்சன். திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது. 1879இல், அடிமைப்பட்டிருந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் சாதி இருக்கக் கண்டு வெளியேறி, 1909இல் பிரத்யட்ச ரட்சா தைவ சபையை நிறுவினார்.

பத்திரங்கள் நம்மவரை விற்பனைச் சரக்காகவே எழுதின. தாய் ஒருபுறம், பிள்ளை ஒருபுறம் விற்கப்பட்ட துயரைக் காத்து நிற்பவை அவரது மலையாளப் பாடல்கள்.

அன்று நம் குமரியும் திருவிதாங்கூர்தான். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை என்றதும் மன்னர் மூலம் திருநாளையும் பொறியாளர் மிஞ்சினையும் சொல்கிறோம். மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே?

தோழர்களே, நம் பாட்டிமார் பாடுவதை இன்றே எழுதி வைப்போம்.