மெட்ஜூல் பேரீச்சை: ஒன்பது கன்றுகளின் கதை

கடையில் பெரிதாக, சதைப்பற்றோடு, விலையும் கொஞ்சம் அதிகமாக இருக்கும் பேரீச்சம்பழம்தான் மெட்ஜூல். கலிபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் விளையும் மெட்ஜூல் மரங்கள் அநேகமாக எல்லாமே மொராக்கோவின் ஒரே ஒரு மரத்தின் வாரிசுகள் என்றால் நம்புவீர்களா?

பேரீச்சையைக் கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் ரகம் அப்படியே வராது. பாதிக்குப் பாதி காய்க்காத ஆண் மரங்களாகவும் போய்விடும். அதனால் தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் பழைய முறை. நம்மூர் வாழை மாதிரி. ரகம் அப்படியே வரும், நோயும் கூடவே வரும். வில்லங்கமே அங்குதான்.

மொராக்கோவில் 1870-க்கு முன்பே திரா பள்ளத்தாக்கில் பயூத் என்ற நோய் தலைகாட்டியது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறி மரத்தைக் கொன்றுவிடும். ஓலைகள் வெளுத்துப் போவதால் 'வெள்ளை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர். நூறாண்டுகளில் அந்த நாடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்களை இழந்தது. மெட்ஜூலுக்கு இதைத் தாங்கும் சக்தி கிடையாது.

1927-ல் இந்த நோயைப் பார்வையிட மொராக்கோ போனார் வால்டர் ஸ்விங்கிள், அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியல் அறிஞர். பூதெனிப் என்ற ஊரில் நோயில்லாத ஒரு மெட்ஜூல் மரத்திலிருந்து 11 கன்றுகளை வாங்கினார். கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே அல்ஜீரியாவின் டெக்லெட் நூர் வேரூன்றியிருந்தது. நல்ல வெயில், பாசனத் தண்ணீர், பழம் பழுக்கும்போது மழையில்லாத வானம், எல்லாம் இருந்த இடம். ஆனால் நோய் ஒட்டியிருந்தால் அந்தத் தோப்புகள் என்னாவது? எனவே கன்றுகளை நேராக அங்கே கொண்டுபோகவில்லை. பக்கத்தில் வேறு பேரீச்சையே இல்லாத நெவாடாவின் தென்கோடியில், ஒரு பழங்குடி விவசாயியின் பொறுப்பில் நட்டார்கள். சுமார் ஏழு வருடக் காவல்!

பூஞ்சை வரவில்லை, நாய் வந்தது. இரண்டு கன்றுகளை அது தோண்டிப் போட்டதாகச் சொல்வார்கள். எப்படியோ மிஞ்சியது ஒன்பது. 1935-ல் அவை கலிபோர்னியாவின் இண்டியோ ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போயின. 1940-களில் அவற்றின் கன்றுகள் விவசாயிகள் கைக்கு வந்தன. பிறகு அரிசோனாவின் யூமா, மெக்சிகோ, இஸ்ரேல் என்று பரவியது இந்த வம்சம்.

அன்று காட்டிய பொறுமைக்குப் பலன் உண்டு. அமெரிக்காவில் இன்றுவரை பயூத் இல்லை. ஆனால் தோப்பு முழுக்க ஒரே மரத்தின் நகல்கள். நோய் ஒருநாள் நுழைந்தால் ஒன்று தாங்காததை இன்னொன்றும் தாங்காது. மொராக்கோ விஞ்ஞானிகள் பின்னாளில் பயூதைத் தாங்கும் நஜ்தா என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மெட்ஜூலோ இன்றும் அதே பழைய மெட்ஜூல்தான்.