கல்லுக்குப் பணியும் கத்தரி, அரத்துக்குப் பணியாத ரம்பம்

ஜப்பானியத் தோட்டக்காரரின் இடுப்பில் இரண்டு உறைகள் தொங்கும். ஒன்றில் கத்தரி, மற்றதில் ரம்பம். இரண்டும் வெட்டுவது ஒரே மரத்தைத்தான். மழுங்கிய பிறகுதான் அவற்றின் கதி வேறாகிறது.

முதலில் உயேகி-பசாமி என்னும் மரபான கத்தரி. நல்ல கத்தரிகளின் அலகுக்கு ஷிமானே மாகாணத்து யசுகி எஃகைத் தேடுவார்கள். 'வெள்ளைத் தாள்', 'நீலத் தாள்' என்று அதில் வகை உண்டு. அது எஃகின் நிறமல்ல, ஆலையில் ஒட்டி அனுப்பிய தாளின் நிறம். வெள்ளைத் தாள் எஃகில் கரி பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு மேல்; துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை. கூரும் சட்டென்று ஏறும், துருவும் சட்டென்று ஏறும்.

அலகுகளை இணைக்கும் ஆணியின் தலையைத் தட்டிப் பரப்பிவிடுவதால் இதைப் பிரிக்க முடியாது. ஆகவே கத்தரியைப் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் ஓட்ட வேண்டும்: நீரில் நனைத்த 1000 எண் சிறுகல், வெளிச்சரிவின் பழைய சாய்வு மாறாமல். உட்புறம் லேசாகக் குழிந்திருக்கும். அலகுகள் விளிம்பில் மட்டும் உரச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. புதியவர்கள் கெடுப்பது இங்கேதான். உட்புறத்தையும் சரித்துத் தேய்த்தால் அலகுகளுக்கிடையே சந்து விழும். கிளை அறுபடாமல் நசுங்கும். அங்கே கல்லைப் படுக்கவைத்து, எழும்பிய பிசிறு விலக ஓரிரு இழுப்பு போதும்.

ரம்பம் இழுக்கும்போது அறுப்பது. இழுவையில் தகடு தானே விறைப்பதால் மெல்லியதாக இருக்கலாம். ஒருகாலத்தில் இதன் பல்லையும் தீட்டினார்கள். மெல்லிய சாய்சதுர அரத்தால் பல் பல்லாக ராவி, மாற்றி மாற்றி இருபக்கமும் விலக்கும் 'மெதாதே' தனித் தொழிலாகவே இருந்தது. இன்றைய ரம்பங்கள் பலவற்றில் பல்நுனி உயரதிர்வெண் மின்சூட்டில் இறுகியது. கறுத்த நுனியே அடையாளம். அரம் வைத்தால் வழுக்கும். நெடுநாள் உழைக்கும், மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். வசதிதான், மறுக்கவில்லை. மெதாதே தெரிந்த கைகள் அருகிப்போனதில் அந்த வசதிக்கும் பங்குண்டு.

இரண்டுக்கும் பொதுவான எதிரி பிசின், அதிலும் பைன் மரப் பிசின். ரம்பம் மழுங்கிவிட்டது என்று நினைப்பது பல சமயம் பல்லிடுக்கில் அடைந்த பிசின்தான். துலக்கி, ஈரம் போகத் துடைத்து, கமேலியா எண்ணெய் ஒரு துளி தடவினால் இரண்டும் தாங்கும்.

வாங்கப் போகிறவர்கள், ரம்பத்துக்கு மாற்றுத் தகடு கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கத்தரியோடு ஒரு சிறுகல்லையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.