கைமாறிய வண்டிகள்

மோட்டார் வண்டி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான அபிப்பிராயம் உண்டு. புது வண்டி வாங்குகிறவன் பாக்கியசாலி, பழைய வண்டி வாங்குகிறவன் பரிதாபத்துக்குரியவன் என்பது அது. என் கட்சி இதற்கு நேர் எதிர். புது வண்டிக்காரனுக்குக் கிடைப்பது கௌரவம். பழைய சின்ன வண்டிக்காரனுக்குக் கிடைப்பது ஆனந்தம். இதற்குச் சாட்சி சொல்ல, சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையையே கூப்பிடுகிறேன்.

அந்தச் சாலையின் தலைப்பில், வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, சுதந்திரம் வந்த கையோடு ஆரம்பித்த ஸ்தாபனம். 1953-இல் இந்திய சர்க்கார், வெளிநாட்டு உதிரிகளை வரவழைத்துப் பூட்டி விற்றால் மட்டும் போதாது, இங்கேயே செய்ய முற்பட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. கார் விஷயத்தில் மிஞ்சியவர்கள் முக்கியமாக மூவர்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்ட் என்ற மூன்று பெயர்கள் நம் காதில் நிலைத்தது இப்படித்தான்.

இவற்றில் ஹெரால்ட் பிறந்த கதை சுவையானது. காவென்ட்ரி கம்பெனிக்கு வண்டியின் உடலை அடித்துக் கொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையை, போட்டிக்காரரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலுக்கு இனி எங்கே போவது? அடிச்சட்டம் தனி, மூக்கு தனி, கூரை தனி, பின்பாகம் தனி என்று செய்து, போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று தீர்மானித்தார்கள். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் என்றும், 1961-இல் நம் ஊரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்றும் அது வெளிவந்தது.

என்ஜின் வெறும் 948 சி.சி. தான். ஆனால் வண்டி சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மட்கார்டுகள் உட்பட மூக்கு முழுவதும் முன்பக்கம் சாய்ந்து திறந்துகொள்ளும். டயரின் மேல் சௌகரியமாக உட்கார்ந்து என்ஜினுக்கு வைத்தியம் பார்க்கலாம். குறையும் உண்டு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரங்கள் உள்ளே மடியப் பார்க்கும். அம்பாஸடர் பழகின யானை என்றால், ஹெரால்ட் துள்ளுகிற கன்றுக்குட்டி. நம் குடும்பங்களின் அளவு தெரிந்து, 1968-இல் நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். அப்படி வேறெந்த நாட்டிலும் செய்யவில்லை.

பிறகு கெஸல் என்ற வண்டி வந்தது, போயிற்று. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய வண்டி வந்தது. அதை விலை கொடுத்து வாங்க ஆளில்லை. 1980-களின் இறுதிக்குள் தொழிற்சாலை மூடப்பட்டது.

தொழிற்சாலை மூடினால் வண்டி அநாதை. அநாதைக்கு ஏது விலை? கார் என்பதைக் கனவிலும் நினைக்காதவர்கள் ஹெரால்ட் வாங்கியது அப்போதுதான். 1990-களில் திண்டிவனத்துப் பட்டறை ஒன்றில், மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஹெரால்டைப் பார்த்தேன். உரிமையாளர் பள்ளிக்கூட ஆசிரியர். கடையில் கிடைக்காத ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்துகொண்டிருந்தார் மெக்கானிக். "கம்பெனி போச்சே, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "கம்பெனி போனா என்னங்க ஐயா, அளவு என்கிட்ட இருக்கே" என்றார்.

காவென்ட்ரியின் நெருக்கடி திண்டிவனத்துக்கு அநுகூலமாயிற்று. துண்டு துண்டாகப் பூட்டிய வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றவும் முடிந்தது.

இரண்டாவது வண்டியும் இதே சாலையில் பிறந்ததுதான். ஓடிப்போன ஃபோர்டு 1995-இல் மஹிந்திராவோடு கைகோத்துத் திரும்பி வந்து, வண்டலூருக்குத் தெற்கே மறைமலை நகரில் தொழிற்சாலை கட்டியது. 1999-இல் அங்கிருந்து ஐகான் வெளிவந்தது. ஃபியஸ்டா என்ற சின்னக் காருக்கு டிக்கி வைத்து, நமக்காகவே திட்டமிட்ட வண்டி. 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடும் கிடைத்தது. சின்ன உடம்பு, பெரிய நெஞ்சு! 2021-இல் ஃபோர்டு, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலை நகரில் அந்த வேலை நின்றது. ஐகானும் அநாதையாயிற்று.

விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு ஐகான் வாங்கினார். பெட்ரோலைக் குடிக்கிறது என்று மனைவி கண்டிக்கிறார். பிள்ளை புது வண்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். அவர் அசைவதாயில்லை. "பையன் வண்டியில நான் பிரயாணி சார். இதுலதான் நான் டிரைவர்" என்றார். ரயிலோடு முப்பது வருஷம் பழகினவர் வாயிலிருந்து வந்ததால், அந்த வித்தியாசத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டமும் இந்த ஆனந்தத்தின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. பதினைந்து வயதான சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. ஐம்பது வயது கடந்தவற்றுக்குப் புராதன வண்டி என்ற அந்தஸ்தை 2021-இல் ஒரு விதி வழங்கியது. ஆனால் அந்த அந்தஸ்து பெற்றால் அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. பூஜை அறைக்குப் போன பாத்திரத்தில் சமைக்க முடியுமா? புகை கக்கும் வண்டிகள் ஒழியட்டும், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியை வயதுக்காக மட்டும் தண்டிப்பது, நடக்கிற கிழவனைப் படுக்கச் சொல்வது போலத்தான்.

வண்டி போனால் அதோடு இன்னொன்றும் போகிறது. திண்டிவனத்து லேத்துக்காரர் சொன்னாரே, அந்த அளவு. அது எந்தக் கம்பெனியின் காகிதத்திலும் இல்லை. பட்டறையில் கை பழகின ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது. வேலை வந்துகொண்டிருந்தால்தான் அது போகும். அந்த வேலையைக் கொண்டுவருகிறவர்கள், நாம் பரிதாபப்படுகிற இந்தப் பழைய வண்டிக்காரர்கள்தான்.