இரண்டு நிமிடமா, இரவு முழுவதுமா? கம்பைல் நேரத்தை ஒப்பிடுவது எப்படி?

லினக்ஸ் கேர்னலைக் கம்பைல் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் இரண்டு நிமிடம் என்பார். இன்னொருவர் இரவு முழுவதும் ஓடியது என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவர்கள் கம்பைல் செய்தது ஒரே பொருளை அல்ல.

மனிதர் எழுதிய மூலநிரலை இயந்திரம் இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுவதுதான் கம்பைல். கேர்னலின் மூலநிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி, உங்கள் கணினியில் இல்லாத வன்பொருட்களுக்கான டிரைவர்கள். 'டெஃப்கொன்ஃபிக்' என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் அவற்றில் மிகச் சிலவே சேரும். 'ஓல்மொட்கொன்ஃபிக்' என்றால் முடிந்தவை எல்லாம் சேரும். எந்த அமைப்பு, எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர் என்று சொல்லாத நேரக் கணக்கை நம்பி யாரும் புதுக் கணினி வாங்கக் கூடாது. 'சீகேஷ்' போன்ற மென்பொருள் முந்தைய முடிவுகளைச் சேமித்து வைத்திருந்தால், இரண்டாவது தடவை வரும் வேகம் கணினியின் வேகமே அல்ல.

கோர்களின் எண்ணிக்கையும் நாம் நினைப்பதுபோல உதவுவதில்லை. அன்ட்ரொய்டை முழுமையாகக் கட்ட, 72 கோர்களும் 64 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட தனது கணினிகளில் சுமார் 40 நிமிடம் எடுப்பதாகவும், 6 கோர் கணினியில் சுமார் 6 மணிநேரம் எடுப்பதாகவும் கூகுளின் வழிகாட்டி குறிப்பிட்டது. கோர் 12 மடங்கு. வேகமோ 9 மடங்கு. இறுதியில் எல்லாவற்றையும் இணைக்கும் வேலை போன்ற சில படிகளைப் பங்குபோட முடியாது. மடிக்கணினி என்றால் சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஃப்ரீபிஎஸ்டியின் கதை வேறு. அதன் அடிப்படை முறைமைக்குள் கிளாங் கம்பைலரும் அடங்கும். ஆகவே முறைமையைக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நேரத்தின் பெரும்பங்கைக் கம்பைலரைக் கட்டுவதிலேயே செலவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ராச் கைநூல் கண்ட வழி எனக்குப் பிடித்தது. அது நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. 'பின்யுட்டில்ஸ்' என்ற முதல் பொதியை ஒரே கோரில் கட்ட உங்கள் கணினிக்கு ஆகும் நேரமே ஓர் அலகு. அது 3 நிமிடம் என்றால், 5 அலகுப் பொதிக்கு ஏறத்தாழ 15 நிமிடம். துல்லியம் குறைவுதான். ஆனாலும் பழைய கணினிக்காரரும் தன் இரவைத் திட்டமிடலாம்.

இது வெறும் பெருமைப் போட்டி அல்ல. கேர்னலில் ஒரு வழு எந்த மாற்றத்தால் வந்தது என்று தேடுபவர், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பார். 1,000 மாற்றங்கள் என்றால் சுமார் 10 தடவை கம்பைல் செய்யவேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் எடுப்பவர் ஒரு மணிநேரத்தில் முடிக்கலாம். 5 மணிநேரம் எடுப்பவர் பாதியிலேயே கைவிட்டுவிடுவார். 2022 ஜனவரியில் இங்கோ மொல்னார் என்ற கேர்னல் நிரலாளர், கட்டும் வேகத்தைக் கூட்டுவதையும் நோக்கமாகக் கொண்டு 2,200-க்கும் மேற்பட்ட திருத்தங்களை முன்வைத்ததற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வழமையாகப் பாவிக்கும் யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றையும் செருகிவிட்டு, 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுங்கள். அந்த நேரத்தில் கணினி பயன்படுத்தும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது விலக்கிவிடும். செருக மறந்த பிரிண்டர் புதிய கேர்னலில் வேலை செய்யாமல் போகலாம்.