டிரை காவேரி

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம். இதை வைத்துத்தான் அப்பாவுக்கு டர்போஃபேன் என்ஜினை விளக்கினேன். முன்விசிறி இழுக்கும் காற்றும் இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு உள்ளே அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, டர்பைனைச் சுழற்றும். இன்னொன்று எரியாமல் சுற்றிப்போய்ப் பின்னால் சேர்ந்துகொள்ளும். பயணிகள் விமானத்தில் சுற்றிப்போவதுதான் பெரிய ஆறு. போர் விமானத்தில் அது வெறும் வாய்க்கால். பெங்களூருவில் ஜி.டி.ஆர்.இ. வடிவமைத்த போர் விமான என்ஜினில், உள்ளே 100 பங்கு போனால் சுற்றிப்போவது சுமார் 16 பங்கு. அந்த என்ஜினின் பெயர் காவேரி. எரியும் மையப்பகுதிக்குக் கபினி என்று பெயர். துணை நதியைக்கூட விடவில்லை!

தேஜஸ் விமானத்துக்காக 1989-இல் 382.81 கோடி ரூபாயில் அனுமதியான திட்டம் இது. ஆனால் 2001 ஜனவரியில் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்காவின் எஃப்-404. 2008-இல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். எடை கூடிவிட்டது, இலக்கான 81 கிலோநியூட்டன் உந்துவிசை வரவில்லை.

அப்பா பாய்லர் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டர்பைன் பிளேடு, தன் உலோகமே உருகிவிடும் சூட்டைத் தாண்டிய வாயுவில் சுழல்கிறது, உள்ளே ஓடும் குளிர்காற்றுதான் அதைக் காப்பாற்றுகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை ஒற்றைப் படிகமாக வார்க்கிற வித்தை வெகுசில நாடுகளிடமே இருக்கிறது என்றேன். "எவன்டா சொல்லிக்குடுப்பான்?" என்றார்.

எனக்கு உலோகத்தைவிடச் சோதனைக்கூடம்தான் உறுத்துகிறது. நான் எழுதும் நிரலை ஒரு நாளில் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவேன். காவேரியை உயரத்தில் ஓட்டிப் பார்க்க நம்மிடம் வசதி இல்லை. ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டும். 2004-இல் அங்கே நடந்த உயரச் சோதனையில் தோற்றது. 2010 நவம்பரில்தான் ஒரு இல்யூஷின்-76 விமானத்தின் இறக்கையில் தொங்கியபடி முதன்முதலாகப் பறந்தது. தொடங்கி இருபத்தோரு வருஷம்! செலவு எகிறியதைத் திட்டியவர்கள் இந்தக் கணக்கையும் போட்டிருக்கலாம்.

இப்போது பின்னெரிப்பானைக் கழற்றிவிட்டு, ஆளில்லாப் போர் விமானத்துக்காக அதை வளர்க்கிறார்கள். பின்னெரிப்பான் என்றால் கடைசியில் மறுபடி எரிபொருள் ஊற்றிக் கொளுத்துவது. அது இல்லாததால் இதற்கு ஆங்கிலத்தில் 'டிரை காவேரி' என்று பெயர். அப்பாவிடம் சொன்னேன்.

"அதை எதுக்குடா பெங்களூர்ல செய்யணும்? சித்திரையில அம்மா மண்டபத்துக்கு வரச் சொல்லு."