உடையவர் இல்லாத லாயம்

'உடையவன் பாராப் பயிர் ஒரு முழங்கட்டை' என்பது தமிழரிடையே வழங்கிவரும் பழமொழி. பயிரைப் பற்றி எழுந்த இம்மொழி உயிருள்ள உடைமைக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. குதிரையைப் பொறுத்தவரையில், உடையவரின் கண்ணிலும் பார்க்க ஊழியரின் கையே அதன் வாழ்வைத் தீர்மானித்தது எனலாம். காயல், கொழும்பு, நெடுந்தீவு ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றையும் ஒப்புநோக்குவார்க்கு இவ்வுண்மை புலனாகும்.

கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாய், செட்டியார் தெருவையும் கொட்டாஞ்சேனையையும் அடுத்து அமைந்தது ஜிந்துப்பிட்டி. சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் பழைய நாடகக் கொட்டகையையும் கொண்டு இவ்வூரை அறிவோர் பலர். தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்த இத்தகைய வட்டாரங்களின் வரலாறு எழுதப்படும்போது கோயிலும் கடையும் கலையும் இடம்பெறுகின்றன. கூலிக்குச் செய்யப்பட்ட தொழில்கள் இடம்பெறுவது அரிது. தமிழர் கொழும்பிற் செய்த அத்தகைய தொழில்களுள் ஒன்று குதிரை பராமரிப்பு. அதன் அருமையை உணர்வதற்கு முதலிற் பாண்டி நாட்டை நோக்குதல் வேண்டும்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாண்டியர் பாரசீகக் குடாவிலிருந்து பெருந்தொகையான குதிரைகளை வாங்கினர். காயல் அவ்வணிகத்தின் தலையாய துறைமுகங்களுள் ஒன்று. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். இவ்வளவு பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளுள் ஆண்டிறுதியில் எஞ்சியவை மிகச் சில என்பது மார்க்கோ போலோவின் கூற்று. நாட்டின் வெப்பநிலை ஒரு காரணம். ஆயினும் குதிரை வைத்தியமும் பராமரிப்பும் அறிந்தோர் அங்கு இல்லாமையையே அவர் முதன்மைப்படுத்துகின்றார். குதிரை விற்ற வணிகர் அத்தகையோரைத் தம்முடன் அழைத்துவராததோடு, பிறர் செல்வதையும் தடுத்தனராம். குதிரைகள் இறந்தாலன்றோ மறு ஆண்டும் வணிகம் நடைபெறும்!

வஸ்ஸாப் கூறும் மற்றொரு செய்தி இங்கு நோக்கற்பாலது. வந்திறங்கிய குதிரைகளைக் கொழுக்கவைக்கும் பொருட்டு நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்து, பின்னர் முறையான பயிற்சி எதுவுமின்றி வீரர் அவற்றின்மீது ஏறிக் கடுகி ஓட்டினர் என்றும், அதனால் வலிய குதிரைகளும் விரைவில் மெலிந்து பயனற்றுப்போயின என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அயல்நாட்டாரின் கூற்றில் மிகை இருத்தல் கூடும். எனினும் அதன் உட்கருத்து இன்றைய விலங்கு மருத்துவத்துக்கு உடன்பாடானதே. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிற் கழிக்கும் இயல்புடைய குதிரையின் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியெடுக்க அதனால் இயலாது. ஆதலால் மிகுதியாகத் தானியம் ஊட்டப்படின் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் உண்டாகும். ஓய்வு நாளிலும் முழுத் தீனி தின்றுவிட்டு மறுநாள் திடீரென வேலைக்கு ஏகும் குதிரைக்குத் தசைகள் இறுகிப்போகும். ஐரோப்பிய வண்டிக் குதிரைகளிடையே ஞாயிறு ஓய்வின் பின் தோன்றியமையால் இது 'திங்கட் காலை நோய்' எனப் பெயர்பெற்றது.

காயலில் உடையவர் இருந்தார், அறிந்தவர் இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் கொழும்பிலோ நிலைமை மாறியிருந்தது. இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளில் நாயக்கர், மராத்தியர், ஆங்கிலேயர் ஆகியோரின் குதிரைப் படைகள் வாயிலாக இத்தொழில் தமிழ்நாட்டிற் பரவியது. ஆங்கிலேயர் 1824இல் ஒசூரிற் குதிரைப் பண்ணையும் நிறுவினர். வட இந்தியாவிற் 'சைஸ்' என வழங்கப்பட்ட ஊழியரைச் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் 'ஹோர்ஸ்கீப்பர்' என்றனர். தமிழர் வழக்கிற் குதிரைக்காரர் என்பவர் இவரே. இலங்கையில் இத்தொழிலைச் செய்தோர் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்.

1832இற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. வழியிடைத் தங்கல்களில் மாற்றுக் குதிரைகள் ஆயத்தமாக நிற்றல் வேண்டும். அவற்றை உடையவர் அங்கு இல்லை; ஊழியரே இருந்தனர். கொழும்பின் அதிகாரிகளும் வணிகரும் மலைநாட்டுக் கோப்பித் துரைமாரும் சுற்றுப் பயணத்தின்போதும் நோயுற்றபோதும் தம் குதிரையைப் பிறர் பொறுப்பில் விட நேர்ந்தது. 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்படுமுன் தாய்நாடு சென்று மீள்வோருக்குப் பயணமே பல மாதங்களை விழுங்கிற்று.

அக்காலங்களிற் குதிரையின் உயிர் குதிரைக்காரரின் நாளாந்த ஒழுங்கிலேயே தங்கியிருந்தது. வெயில் ஏறுமுன் குதிரையை நடத்துதல், உடல் தேய்த்தல், குளம்பு துப்புரவாக்கல், தீனிக்கு முன் நீர் காட்டல், வேலை குறையுங்கால் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுதல் என்பன அவ்வொழுங்கின் கூறுகள். புல்லறுத்துவரும் பணி தனியொருவருக்குரியது. சென்னை மாகாணத்தில் அப்பணியைப் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியே செய்தாள். ஆகவே ஒரு குதிரையை ஒப்படைத்தல் என்பது உண்மையில் ஒரு குடும்பத்தின் உழைப்பை நம்புதலேயாகும். எனினும் கொள்ளு களவுபோகும் என்னும் ஐயத்தால், உடையவர் தம் கண்முன்னே தீனி வைக்கச் செய்தலும் குடியேற்ற ஆட்சிக் கால வழக்கமாயிருந்தது. வீட்டிலிருக்கையில் ஒரு படி கொள்ளுக்கு நம்பாதவர், ஊரில் இல்லாதபோது முழுக் குதிரையையும் அவ்வூழியரிடமே விட்டுச் சென்றமை முரண்பாடன்றோ?

உடையவரும் அறிந்தவரும் ஒருங்கே நீங்கிய இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்ட குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே பெருக்கினர். பிரித்தானியர் காலத் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி அவற்றை மேற்பார்வை செய்தார். பின்னர் அரசு அப்பண்ணையைக் கைவிட்டது. லாயத்தின் இடிபாடுகள் எஞ்சின. குதிரைகளின் வழித்தோன்றல்கள் காட்டுக் குதிரைகளாயின. வறட்சிக் காலங்களில் நீரின்றி அவை மடிவதுண்டு. நடைப்பயிற்சிக்கு அங்கு குறைவில்லை. நீர் இறைத்து ஊற்றும் கைதான் இல்லை.

புகைவண்டி 1867இற் கண்டியை அடைந்தது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. 1956இற் பண்டாரநாயக்கா அரசின் தடையோடு கொழும்புக் குதிரைப் பந்தயமும் முடிவுற்றது. பந்தய ஏடுகளிற் குதிரைக்குப் பெயருண்டு; உடையவருக்கும் பயிற்றுநருக்கும் ஓட்டுநருக்கும் பெயருண்டு. விடியலில் எழுந்து அதனை நடத்திச் சென்றவருக்கு மாத்திரம் பெயரில்லை.

இது வெறும் ஏட்டுக் குறையன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், வழிமரபுப் பிரசைகளாகக் கொள்ளப்படுவதற்குத் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கோரியது. பெயர் பதியப்படாத உழைப்பாளரின் பேரப்பிள்ளைகள் எந்த ஏட்டைக் காட்டுவர்? குதிரையின் வமிசம் ஏட்டிற் காக்கப்பட்ட நாட்டில், அதனைக் காத்தவரின் வமிசம் சான்றின்றி நின்றது. ஜிந்துப்பிட்டி போன்ற வட்டாரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலின் கல்வெட்டையும் கொட்டகையின் விளம்பரத்தையும் தேடுவதோடு அமையாது, உடையவர் இல்லாத லாயத்தில் விழித்திருந்தவர்களையும் தேடுதல் வேண்டும். பழமொழி பாதியே உண்மை. உடையவர் பாராத குதிரைகளும் வாழ்ந்தன. பார்த்தவர்கள் வேறு சிலர் இருந்தமையால்.